தேனீத் தோட்டம்

தேனீத் தோட்டம் என்பது தேனீக்களுக்கு வேண்டிய பூந்தேனும் மகரந்தமும் ஆண்டு முழுவதும் கிடைக்குமாறு செடிகொடிகள் தேர்ந்து வளர்க்கப்படும் வீட்டுத்தோட்டம் ஆகும். குளிர்நாடுகளில் இதற்குப் பெயர் பெற்றது எக்கினாப்ஸ் பேரினத்தைச் சேர்ந்த உருண்டை முட்செடி. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பந்து போன்ற கொத்தில் சிறுபூக்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மலர்வதால், ஒரே கொத்து பல நாட்கள் உணவளிக்கிறது. நீல நிறத் தோட்ட வகைகள் சென்னையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தாங்குவதில்லை. இப்பேரினத்தின் இந்திய இனம் வறண்ட தரிசுகளில் தானே வளரும் வெண்பூச் செடி. ஒட்டகம் விரும்பித் தின்பதால் இந்தியில் 'ஊண்ட் கட்டாரா' எனப்படுகிறது. ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இதே பணியை வேறு செடிகளே செய்கின்றன.

தேனீ வகைகள்

இப்பகுதியில் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ ஆகியன காணப்படுகின்றன. மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் விளிம்புகளிலும் ஒற்றை அடையைக் கட்டும். கொசுத்தேனீ சுவர் இடுக்குகளில் வாழும்; பூச்சு வேலையின்போது அதன் சிறு மெழுகுக் குழாயை எறும்புப் புற்று என எண்ணி அடைத்துவிடுவோர் பலர். கூட்டமாக வாழாத தேனீக்களும் உண்டு. அவற்றுள் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவதால், வீட்டைச் சுற்றி முழுவதும் சிமெண்ட் தளமிட்டால் அதற்கு இடமில்லாமல் போகிறது.

1991-92 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் இத்தாலியத் தேனீ பெட்டிகளில் பரவலாக வளர்க்கப்பட்டது.

பூக்களும் பயனும்

பூக்கள் நிறைந்த தோட்டம் அனைத்தும் தேனீத் தோட்டம் ஆகிவிடாது. பூவிருந்தவல்லி, தன் பெயரிலேயே பூவைக் கொண்ட ஊர். 11ஆம் நூற்றாண்டு வைணவ அடியாரான திருக்கச்சி நம்பி இங்கு நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதராசருக்கு மலர் கொண்டு சென்றார் என்பது மரபு. ஆயினும் மாலைக்கான மல்லிகை அரும்பாகவே பறிக்கப்படுவதால் தேனீக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அடுக்கு ரோஜாவில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். இட்லிப்பூவின் நீண்ட குழலில் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் எட்டும் அளவுக்குத் தேனீயின் நாக்கு எட்டுவதில்லை.

துளசி, தும்பை, முருங்கை, சூரியகாந்தி, வேலியில் படரும் கொடி ரோஜா ஆகியவை மிகவும் ஏற்றவை. தும்பை களையெனப் பிடுங்கப்படுவது வருந்தத்தக்கது. துளசியில் இலைக்காகக் கதிர்களைக் கிள்ளும் வழக்கம் உண்டு. இரண்டொரு செடியையாவது கிள்ளாமல் விட வேண்டும். கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி ஆகியவற்றிலும் சில செடிகளைப் பூக்க விடலாம். முருங்கைப் பூவைக் கருநிறத் தச்சன் தேனீ பெரிதும் நாடும். மரங்களுள் வேம்பும் புங்கமும் கோடைத் தொடக்கத்தில் பூத்து உதவுகின்றன.

மாடித்தோட்டமும் காய்ப்பும்

தமிழக அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியபின் மாடியில் காய்கறி வளர்ப்பு பெருகியது. பூசணி, சுரை, பாகல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே உள்ளன. தேனீ வராவிடில் பெண்பூவின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். உரக்குறைவு என்று எண்ணி மேலும் உரமிடுவதால் பயனில்லை. ஆண்பூவைக் காலையில் பறித்துப் பெண்பூவில் தடவுவது தற்காலிக வழி. அருகில் ஒரு தொட்டித் துளசி இருப்பின் அவ்வேலையைத் தேனீயே செய்யும். கத்தரி, தக்காளிப் பூக்களைச் சிறகுத் தசையால் அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்ப்பது நீலப்பட்டைத் தேனீயின் திறம். அடுக்குத்தேனீயால் இது இயலாது.

கவனிக்க வேண்டியவை

அகலமான மண்தட்டில் கூழாங்கற்களிட்டு நீர் வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் பருகும். கொசுப் பெருக்கத்தைத் தவிர்க்க நீரை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலாயினும் பூவின்மீது படாமல், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையிலேயே தெளிக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடியின் சாற்றில் கலந்து பூந்தேன் வரை செல்வதால் மாலையில் தெளித்தாலும் தீங்கு குறையாது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் திறந்தவெளிப் பயன்பாட்டை 2018இல் தடை செய்தது.

மலைத்தேனீக் கூட்டைத் தீயிட்டு அழிப்பது ஆபத்தானது. கலைந்த தேனீக்கள் வழிப்போக்கரைத் தாக்கக்கூடும். பூக்காலம் முடிந்ததும் அவை தாமாகவே இடம்பெயர்வது வழக்கம். நடமாட்டம் மிகுந்த இடமாயின் பழகிய தேன் எடுப்போரைக் கொண்டு அகற்றலாம். கொட்டினால் ஒவ்வாமை ஏற்படுவோர் உள்ள வீட்டில் இச்செடிகளை வாயிலருகே வைக்காமல் மாடியிலோ பின்புறத்திலோ வைப்பது நன்று.