முனகும் டிஃபரன்சியலும் அதன் இருநூறு வருடக் கதையும்

ஒரு வாகனம் 90 பாகை வளைவில் திரும்புகிறது என்று வையுங்கள். அதன் இரண்டு பின் சில்லுகளுக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் அகலம். வளைவு முடியும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிட ஏறக்குறைய 2.36 மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு பெரிதா சிறிதா என்பது இதில் கணக்கே இல்லை. ஒன்றரையை பையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்குத்தான்.

இந்த 2.36 மீற்றரை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாகனத்தின் அடியில் இருக்கும் டிஃபரன்சியல் என்ற இரும்பு உருண்டை இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான்.

எங்கள் அப்பப்பாமார் ஓட்டிய மாட்டு வண்டிலுக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. வண்டிலில் அச்சு சுற்றாது, சில்லுத்தான் அச்சைச் சுற்றும். வலச் சில்லு தன் பாட்டுக்கு, இடச் சில்லு தன் பாட்டுக்கு. கழன்று போகாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். இழுப்பது மாடு, சில்லு இல்லை. எஞ்சின் வந்து அச்சைச் சுற்ற வைத்து, அச்சு சில்லைச் சுற்ற வைத்த பிறகுதான் சிக்கல். இரண்டு சில்லையும் ஒரே கம்பியில் இறுக்கினால் வளைவில் ஏதோ ஒன்று தரையில் உராய்ந்து இழுபட வேண்டும். ஒரு சில்லை மட்டும் ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

யார் கண்டுபிடித்தது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பழைய சீனாவில் 'தெற்கைக் காட்டும் தேர்' என்று ஒன்று இருந்தது. தேர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேலே நிற்கும் பொம்மையின் கை தெற்கையே காட்டும். 3ஆம் நூற்றாண்டில் மா ஜூன் என்ற பொறியியலாளர் அதைச் செய்தார் என்று சீன வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1947இல் ஜோர்ஜ் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கார்ப் பொறியியலாளர், டிஃபரன்சியல் பற்சில்லுகளை வைத்து அதைச் செய்திருக்கலாம் என்று ஒரு வடிவத்தைக் காட்டினார். அது அழகாக வேலை செய்யும். ஆனால் பழைய தேர் ஒன்றுகூட இன்று இல்லை. இப்படிச் செய்திருக்க முடியும் என்பதும், இப்படித்தான் செய்தார்கள் என்பதும் ஒன்றல்ல.

கிரேக்கக் கடலடியில் 1901இல் கிடைத்த அன்ரிகிதெரா பொறியின் கதையும் அப்படித்தான். அதற்குள் டிஃபரன்சியல் இருந்தது என்று டெரெக் டி சொல்லா பிரைஸ் என்ற அறிஞர் எழுதினார். பல வருடங்களாக எல்லோரும் அதையே சொன்னார்கள். பிறகு நல்ல எக்ஸ்ரே படங்கள் எடுத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் டிஃபரன்சியல் இல்லை என்று தெரிந்தது. அதனால் அந்தப் பொறியின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. 'இதை நாங்கள்தான் உலகத்தில் முதலில் செய்தோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை வாசிக்கும்போது இந்த இரண்டு கதைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் சீனரோ கிரேக்கரோ தமிழரோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்று எங்கே?

வாகனத்துக்கான டிஃபரன்சியலுக்குச் சான்று பாரிஸில் இருக்கிறது. ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1828இல் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1832இல் மான்செஸ்டரில் ரிச்சர்ட் றொபேட்ஸ் இதே வேலையைச் செய்யும் பற்சில்லு அமைப்புக்குக் காப்புரிமை எடுத்தார். ஆனாலும் இதை ஊர் முழுக்க ஓடவைத்தது கார் இல்லை, முச்சக்கரச் சைக்கிள். கொவென்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி தன் மகனோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்து மிதிக்கும் வண்டி ஒன்றை ஓட்டினாராம். ஆளுக்கு ஒரு சில்லு. இளம் மகனின் கால் பலமாக மிதிக்க, வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பற்றைக்குள் விழுந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, 1877இல் அவர் சைக்கிளில் டிஃபரன்சியலைப் பொருத்தியது உண்மை. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை எடுத்த முதல் மோட்டார் வண்டியிலும் அது இருந்தது.

சத்தத்தின் வரலாறு

ஆரம்பத்தில் பற்சில்லுகளின் பற்கள் நேராக வெட்டப்பட்டன. ஒரு பல் விட்டு அடுத்த பல் படும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அடி விழும். வேகம் கூடக் கூட அந்த அடிகள் சேர்ந்து ஊளையாகும். 1913இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் வளைந்த பற்களைக் கொண்டுவந்தது. ஒரு பல் விடுபடுவதற்கு முன்பே அடுத்த பல் பிடித்துக்கொள்வதால் சத்தம் அடங்கியது. 1926இல் அதே பக்கார்ட் இன்னொரு படி போனது. றொச்செஸ்டர் நகரத்துக் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய 'ஹைப்பொயிட்' முறையில், எஞ்சினிலிருந்து வரும் பினியன் என்ற சின்னப் பற்சில்லைப் பெரிய வளையத்தின் நடுவுக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். வாகனத்தின் தளம் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஹைப்பொயிட் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைச் சாதாரண ஒயில் தாங்காது. கந்தகமும் பொஸ்பரசும் கலந்த தனி ஒயில் வேண்டும். கராஜில் டிஃபரன்சியலைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் அந்தக் கெட்ட மணம் இதனால்தான்.

காதால் பார்த்தல்

நான் மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்தவன். வேலை கணினியோடு. வார இறுதியில் மட்டும் ஒரு பழைய நாலு சில்லு வண்டி. போன வருடம் அதன் பின்பக்கம் மணிக்கு 80 கிலோமீற்றரில் முனகத் தொடங்கியது. சொஃப்ட்வேரில் ஒரு பிழையைத் தேடும்போது எதையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கேயும் அதே வழிதான்.

றோட்டின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது ரயர். என் வண்டியில் மாறவில்லை. நேரே போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்தால் கூடிக் குறையும் சத்தம் பெரும்பாலும் சில்லுப் பேரிங். அதுவும் இல்லை. திரும்பும்போது மட்டும் கேட்டால் டிஃபரன்சியலின் நடுவே இருக்கும் சின்னப் பற்சில்லுகள். இல்லை. அக்சிலறேற்றரை அழுத்தினால் முனகல், காலை எடுத்தால் அமைதி. சந்தேகம் பினியன் பக்கம் போனது.

ஒயிலை வடித்தோம். அடைப்பில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வயதுத் தேய்மானம். என்னுடையதில் விரலுக்குத் தட்டுப்படும் இரும்புச் சில்லம். பினியன் பேரிங் தேய்ந்து, பினியன் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்திருந்தது. பல்லில் வர்ணம் பூசிச் சுற்றிப் பார்த்தபோது, பற்கள் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டிருந்தன. பெரிய வளையமும் பினியனும் சோடியாகத்தான் செய்யப்படும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. 41 பல்லும் 10 பல்லும் கொண்ட புதுச் சோடி வாங்கினேன். 41க்கும் 10க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் ஒவ்வொரு பல்லும் மற்றதன் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகும். பற்களுக்கு இடையே விட்ட இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆறில் ஒரு பங்கு அளவு. இந்த அளவு பிசகினால் புதுச் சாமானும் முனகும்.

கண்டுபிடிப்பைத் திருப்பிப் போடுதல்

திறந்தது திறந்தாயிற்று, கூலி ஒன்றுதான் என்று ஒரு டிஃப் லொக்கும் பொருத்தினோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சாதாரண டிஃபரன்சியல் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைக் கொடுக்கும். நியாயமானதுதான். ஆனால் ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் அதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. அப்போது நல்ல தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அதே குறைந்த அளவுதான் போகும். ஒன்று வீணாய்ச் சுற்ற மற்றது சும்மா நிற்கும். 1930களில் ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்கு இதே தலையிடி வந்தது. ZF நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்சியலைச் செய்து கொடுத்தது.

அவுஸ்திரேலியாவில் இந்தக் கதை மலையில் நடந்தது. 1949இல் தொடங்கி 1974 வரை நடந்த ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். போரில் வீடிழந்தவர்களும் அவர்களில் பலர். சேறும் பனியும் நிறைந்த அந்த மலைப்பாதைகளில் முதலில் லாண்ட் றோவர்களும், 1950களின் கடைசியில் லெஸ்லி தீஸ் என்ற ஒப்பந்தகாரர் இறக்குமதி செய்த ரொயோட்டா லாண்ட் குறூசர்களும் ஓடின. நாலு சில்லு வண்டி இந்த நாட்டின் அடையாளமானதில் அந்த அகதித் தொழிலாளிகளுக்கும் பங்கு உண்டு. 1980களின் பிற்பகுதியில் மெல்பேர்ண் நிறுவனமான ARB, காற்றழுத்தத்தால் இயங்கும் டிஃப் லொக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அது செய்வது என்ன? சுவிட்சை அழுத்தினால் இரண்டு சில்லும் ஒரே கம்பியில் இறுக்கியது போலாகிவிடும். அதாவது பெக்கர் 1828இல் எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ அதையே தேவையான நேரத்தில் திரும்ப வரவழைக்கிறோம். தார் றோட்டில் போட்டால் அந்த 2.36 மீற்றர் உடனே பழிவாங்கும். ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், அச்சும் முறியலாம். சேற்றிலோ, அடுத்த மனிதர் 200 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் செம்மண் பாதையிலோ அதுவே உயிரைக் காக்கும்.

உங்கள் வீட்டில் லெகோ டெக்னிக் பெட்டி இருந்தால் அதில் ஒரு சின்ன டிஃபரன்சியல் இருக்கும். நடுக்கூட்டை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சில்லை முன்னால் சுற்றுங்கள், மற்றது பின்னால் சுற்றும். கூட்டை விட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாகச் சுற்றினால் கூடும் சேர்ந்து சுற்றும். பிறகு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கூட்டைச் சுற்றுங்கள். மற்றச் சில்லு எத்தனை மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.