உயிரியல் ஆசிரியர் பயிற்சி: புத்தளம் கரையோரம்

இலங்கையில் 11ஆம் தரம் வரை விஞ்ஞானப் பாடத்துக்குள் அடங்கியிருக்கும் உயிரியல், 12ஆம் தரத்திலேதான் தனிப்பாடமாகிறது. சிலாபம், முந்தல், புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் உயர்தர வகுப்புகளில் இதைக் கற்பிப்போர் பெரும்பாலும் விஞ்ஞானப் பட்டதாரிகள். தாவரவியலோ விலங்கியலோ கற்று நியமனம் பெறுகிறார்கள். கற்பித்தல் முறையைப் பலர் பணியில் இருந்துகொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமா வழியாகப் படிக்கிறார்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் அதை நடத்துகின்றன. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய கல்வியியற் கல்லூரிகளின் மூன்றாண்டுப் பயிற்சி, இறுதியாண்டுக் கட்டுறுப் பயிற்சி உட்பட, உயர்தரத்துக்குக் கீழான வகுப்பு ஆசிரியர்களை நோக்கியது.

சேவைக்காலப் பயிற்சிக்கு ஊற்று மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் அங்கிருந்தே வருகின்றன. 2017இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்துக்கு முதற் பரீட்சை 2019இல் நடந்தது. கரையோரப் பாடசாலைகள் புத்தளம், சிலாபம் கல்வி வலயங்களைச் சேர்ந்தவை. செயலமர்வுகளை வலயக் கல்வி அலுவலகமும் ஆசிரிய ஆலோசகர்களும் ஒழுங்குசெய்கின்றனர்.

உயர்தர உயிரியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. பல்தேர்வு, அமைப்புக்கட்டுரை, கட்டுரை வினாக்களே மாணவரின் பல்கலைக்கழக வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால் பயிற்சியும் கடந்தகால வினாத்தாள் பக்கமே சாய்கிறது. கற்பிக்க வேண்டியவை கண்முன்னே கிடக்கும் இந்தக் கரையில் அது பேரிழப்பு.

புத்தளம் களப்பு வடக்கே கடலோடு திறந்திருக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் விழுகின்றன. கோடையில் ஆவியாதல் மிகும்போது தெற்குப் பகுதியின் உவர்ப்புக் கடல்நீரையும் மிஞ்சும். களப்பின் இரு முனைகளிலும் நீர் எடுத்து உவர்ப்பை அளந்து பார்த்த ஆசிரியருக்கு, எந்த உயிரி எங்கே வாழும் என்பதை விளக்கத் தனிக் குறிப்பு வேண்டியதில்லை. கலா ஓயா முகத்துவாரத்தில், கங்கேவாடியப் பக்கம், பெருங் கண்டற்காடு உண்டு. வெண்கண்டல் இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் உப்புத்துகள் விரலில் ஒட்டும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் பட்டைவாய்கள் வழியாகவே ஒட்சிசன் அற்ற சேற்றில் புதைந்த வேர்களுக்குக் காற்றுப் போகிறது. பக்கத்தில் மிண்டிவேர் ஊன்றிய கண்டலில், விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்குகிறது. இசைவாக்கம் என்ற ஒரு பாடவேளைக்கு வேண்டிய அத்தனையும் அரை ஏக்கருக்குள் கிடைக்கிறது. பயிற்சி நாளில் ஆசிரியர்களே சதுரக்கட்டம் போட்டு நாற்றுகளை எண்ணியிருந்தால்தான், மறுவாரம் மாணவர்களைத் துணிந்து கூட்டிவருவார்கள்.

சூழலியல் அலகுக்கும் உள்ளூர்ச் சான்றுகள் நிறைய. 1980களில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கற்பிட்டிக்கு அப்பால் 1992இல் சரணாலயமான பவளப்பாறைத் தொடரின் பெரும்பகுதி 1998இல் வெளிறி மடிந்தது. ஆனைவிழுந்தான் குளத்தொகுதி 2001இல் ராம்சார் ஈரநிலமாயிற்று.

துணைநிற்க நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன. நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளங்கள் ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவர் நிலையத்துக்குக் கற்பிட்டியில் பிராந்திய ஆய்வு நிலையம் உண்டு. சிலாபத்தை அடுத்த பம்பலவில், சுதீச அமைப்பின் கண்டல் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டது. வலயச் செயலமர்வுகளில் ஒன்றையாவது ஆண்டுதோறும் இத்தகைய இடத்தில் நடத்துவது, புத்தளத்திலிருந்து மகரகமைக்கு 130 கிலோமீற்றருக்கு மேல் பயணிப்பதைவிட எளிது. தமிழ்மொழிமூல ஆசிரியர்களுக்கு அது இன்னும் முக்கியம்: மாகாணத்தில் அவர்கள் சிறு தொகையினர், இந்த உயிரிகளைக் களத்தில் தமிழில் விளக்கும் வளவாளர்களும் குறைவு.