மார்ட்டின் சகோதரர்களின் மண் பறவைகள்

ராபர்ட் வாலஸ், சார்லஸ், வால்டர், எட்வின் ஆகிய மார்ட்டின் சகோதரர்கள் நால்வரும் 1873 முதல் 1914 வரை லண்டனில் மண்பாண்டத் தொழில் நடத்தினர். அவர்கள் பெயரை நிலைநிறுத்தியவை, களிமண்ணில் செதுக்கிச் சுட்ட கற்பனைப் பறவைகள். மூத்தவரின் நடுப்பெயரான வாலஸ் சுருங்கி, அவற்றுக்கு ‘வாலி பறவைகள்’ என்ற பெயர் வந்தது.

பார்வைக்குச் சிலை, உள்ளபடி ஜாடி. தலையைத் தூக்கினால் உள்ளே புகையிலை போட்டு வைக்கலாம். தடித்த அலகு, பாதி கவிந்த இமை, எதிரே நிற்பவரை எடைபோடும் ஓரப்பார்வை. தலை தனித்துண்டு என்பதால், சற்றுத் திருப்பி வைத்தாலே முகபாவம் மாறிவிடும்: நேராக வைத்தால் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, பக்கவாட்டில் திருப்பினால் ஊர்வம்புக்குக் காதுகொடுக்கும் கிழவர். ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் உருவானதால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

ராபர்ட் வாலஸ் (1843–1923) அடிப்படையில் கல்தச்சர். இளமையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் கோதிக் பாணிச் சிற்ப வேலையில் ஈடுபட்டவர். தேவாலயக் கூரைகளில் வாய்பிளந்து நிற்கும் விகார உருவங்களின் வாரிசுகளாகவே இப்பறவைகளைக் கொள்ள வேண்டும். மண் பாதி காய்ந்து, விரல் பட்டால் அழுங்காமலும் கத்திக்கு இடம்கொடுத்தும் இருக்கும் பதத்தில், இறகுகளை ஒவ்வொரு கீறலாக வெட்டினார். உடல் உள்ளீடற்றதாக இருந்தாக வேண்டும். தடித்த மண்ணில் ஈரம் தங்கினால் சூளையில் அது ஆவியாகி உருவத்தை வெடிக்கச் செய்துவிடும்.

கீறலின் கூர்மையைக் காப்பாற்றியது உப்பு மெருகு. சூளை 1,200 பாகை செல்சியஸைத் தாண்டிக் கனலும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். அதிலிருந்து எழும் சோடியம் ஆவி, மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து மேற்பரப்பையே மெல்லிய கண்ணாடியாக்கும். ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்குழிகள் இதன் அடையாளம். குழம்பாகப் பூசும் கனமான மெருகு பள்ளங்களில் தேங்கி உளித்தடத்தை மூடிவிடும். ஆவியாகப் படியும் மெருகு மூடாது. கல்தச்சரின் கைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைத்திருக்காது. பழுப்பு, மங்கிய நீலம், சாம்பல் கலந்த பச்சை எனும் அடங்கிய நிறங்களும் இம்முறைக்கு இயல்பானவை.

1877-இல் பட்டறை லண்டனின் மேற்கே, கால்வாய்க் கரையிலுள்ள சவுத்தாலுக்கு மாறியது. சூளையையும் மெருகு ரசாயனத்தையும் சக்கரத்தில் வனைவதையும் வால்டர் கவனித்தார். எட்வின் குவளைகளின் மேல் விசித்திர மீன்களும் கடல்வாழ் உயிர்களும் நீந்தும் நீரடிக் காட்சிகளைக் கீறினார். பறவைகளின் புகழுக்குப் பின்னால் அவை மறைந்துபோனது நியாயமே இல்லை. கடையைப் பார்த்துக்கொண்ட சார்லஸுக்கோ நல்ல பொருளை விற்க மனம் வராது. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் தரைப்பலகைகளுக்கு அடியில் ஒளித்துவைப்பார்.

1903-இல் கடை தீப்பிடித்தது. சார்லஸ் 1910-இல் காலமானார். 1912-இல் வால்டர் மறைந்தபோது, சூளையின் நுணுக்கங்களை முழுதாக அறிந்த கை இல்லாமல் போயிற்று. இரண்டே ஆண்டுகளில் பட்டறை நின்றது. எட்வின் 1915-இல் இறந்தார். பறவைகளைச் செதுக்கிய மூத்தவர் மேலும் எட்டு ஆண்டுகள் உயிரோடிருந்தார்.