ஒலியின் தொலைவும் ஊடகத்தின் வேகச் சரிவும்

ஒலி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், எழுப்பிய ஓசையின் வலிமையையே முதற்காரணமாகச் சொல்வது வழக்கம். வலிமைக்குப் பங்கு உண்டு. ஆனால் நெடுந்தொலைவுக்கு அதைவிட முக்கியமானது, ஊடகத்துக்குள் ஒலியின் வேகம் மட்டத்துக்கு மட்டம் எப்படி மாறுகிறது என்பதுதான்.

விதி எளியது: ஒலிக்கதிர் வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். காற்றில் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையையொட்டிய காற்று சூடாக இருப்பதால் கதிர் மேலே வளைந்து, கேட்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடும். மார்கழி விடியலில் நிலைமை தலைகீழ். குளிர்ந்த காற்று தரையில் படிந்திருக்க, கதிர் கீழ்நோக்கித் திரும்புகிறது. பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி நம் வாசலில் பாடுவதுபோல் கேட்கிறது. ஊர் அடங்கியிருப்பது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது.

கடலில் இந்த வளைவு இன்னும் தெளிவு. 1930களில் அமெரிக்கக் கடற்படையின் சோனார் கருவிகள் காலையில் நன்றாக இயங்கி, பிற்பகலில் தடுமாறின. வெயிலில் மேல்நீர் சூடாகி, கதிர்கள் கீழே வளைந்ததால், நீர்மூழ்கி ஒலி எட்டாத நிழல் வலயத்தில் சிக்கியிருந்தது. கருவியும் மாறவில்லை, ஒலியின் வலிமையும் மாறவில்லை.

ஆழம் கூடக்கூட நீர் குளிர்ந்து ஒலியின் வேகம் குறைகிறது. ஓரளவுக்குக் கீழே வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை; அழுத்தம் மட்டும் ஏறுவதால் வேகம் மறுபடி கூடுகிறது. இரண்டுக்கும் நடுவே, நடு அட்சரேகைப் பகுதிகளில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த தளம் அமைகிறது. மேலே ஏறும் கதிரும் கீழே இறங்கும் கதிரும் அதற்கே திரும்புகின்றன. ஒலி கடற்பரப்பிலும் அடித்தரையிலும் மோதிச் சிதறாமல், பக்கவாட்டில் மட்டுமே விரிகிறது. 1940களில் மாரிஸ் யூவிங், லாமார் வோர்செல் ஆகியோர் அமெரிக்காவிலும், லியோனிட் பிரெகோவ்ஸ்கிக் சோவியத் ஒன்றியத்திலும் இந்த ஒலிக்கால்வாயைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

1960 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் இந்தக் கால்வாயில் வெடித்த, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 136 கிலோ எடையுள்ள வெடிகளின் ஒலி, சுமார் 20,000 கி.மீ. தள்ளியிருந்த பெர்முடாவில் பதிவானது. 1883இல் கிரகடோவா எரிமலையின் முழக்கம் மனிதச் செவிக்கு எட்டியது ரொட்ரிகஸ் தீவு வரை, சுமார் 4,800 கி.மீ. ஒன்று கருவி கேட்டது, மற்றது காது கேட்டது. ஆகவே இந்த ஒப்பீட்டை அளவோடுதான் கொள்ள வேண்டும். கிரகடோவாவின் அழுத்த அலை பாரமானிகளில் உலகைச் சுற்றியதும் உண்மை. ஆனால் எரிமலையின் ஆற்றலுக்கு முன் 136 கிலோ வெடிமருந்து எம்மாத்திரம்? அதன் ஒலியை மறுகோடிக்குக் கொண்டுசேர்த்தது கால்வாயின் அமைப்பே. தாழ்ந்த அதிர்வெண்களைக் கடல்நீர் மிகக் குறைவாகவே உறிஞ்சுவதும் துணைநின்றது.

கால்வாயில் ஒலி இப்படி நெடுந்தொலைவு போவதை அளவீட்டுக்கும் பயன்படுத்தலாம் என்று கடலியலாளர் வால்டர் மங்க் கண்டார். 1991 ஜனவரியில் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே அவர் குழு எழுப்பிய 57 ஹெர்ட்ஸ் ஒலி, அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களிலும் கேட்டது. நீரில் ஒரு பாகை உயர்வுக்கு வேகம் விநாடிக்குச் சுமார் 4.6 மீட்டர் கூடும். எனவே 5,000 கி.மீ. பாதையின் சராசரி வெப்பநிலை 0.01 பாகை உயர்ந்தால், ஒலி பத்தில் ஒரு விநாடி முன்னதாக வந்துசேரும். கடிகாரம் துல்லியமாக இருந்தால், கடலின் உட்புறச் சூட்டை அந்த இடைவெளியிலேயே படிக்கலாம்.