பிள்ளைகள் வீட்டுக்கு எழுதியவை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் முதல் நாள் கொலோன் தேவாலயம், இரண்டாம் நாள் அல்டேனா. இதுதான் என் வழக்கம். லென்ன ஆற்றுக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை இருக்கிறது. 2014-இல் மலையைக் குடைந்து லிப்ட் வைத்துவிட்டார்கள், ஆகையால் முழங்கால் நோவைச் சொல்லி யாரும் இப்போது தப்ப முடியாது. எல்லாரும் வாளுக்கும் இரும்புக் கவசத்துக்கும் முன்னால் நின்று படம் பிடிப்பார்கள். நான் விடாமல் பழைய படுக்கைக் கூடத்துக்கு இழுத்துப் போவேன். தடித்த மரத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கட்டில்கள். உலகத்தின் முதல் நிலையான இளைஞர் விடுதி இந்தக் கோட்டையில்தான் நடந்தது. "கட்டில் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?" என்று ஒரு மச்சாள் கேட்டாள். நான் இளைஞர் விடுதிக் குசினியில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அந்தக் கட்டில்கள்தான் எனக்குச் சோறு போட்டவை என்று அவளுக்குச் சொன்னேன்.

அவற்றைப் போட்டவர் பிரபுவும் இல்லை, மந்திரியும் இல்லை. றிச்சார்ட் ஷிர்மான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1874-இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்து, 1903-இல் அல்டேனாவுக்கு மாற்றலாகி வந்தவர். கம்பி இழுக்கும் தொழிலால் பிழைத்த, ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஊர் அது. வகுப்பறைச் சுவருக்குள் பாடம் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகளை நடத்திக்கொண்டு காடு, ஆறு, கிராமம் என்று திரிவார். பகலில் நடந்துவிடலாம், இரவில் எங்கே படுப்பது? அதுதான் சிக்கல். சத்திரத்துக்குக் கொடுக்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடம் காசு ஏது?

1909 ஆகஸ்ட் 26. அல்டேனாவிலிருந்து ஆகன் நகரம் நோக்கிப் பல நாள் நடைப்பயணம். ப்ரோல் பள்ளத்தாக்கில் இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் கதவைத் திறந்தது, பக்கத்துக் கமக்காரர் வைக்கோல் கொடுத்தார். பையன்கள் விழுந்தபடி தூங்கிவிட்டார்கள். வாத்தியாருக்கு மட்டும் இடி முழக்கத்தில் நித்திரை வரவில்லை. விடுமுறையில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் வெறுமையாகத்தானே கிடக்கின்றன, ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை அந்த இரவில் பிறந்தது. தன் பள்ளியிலேயே மேசை வாங்குகளைச் சுவரோரம் தள்ளி, வைக்கோல் திணித்த சாக்குகளைப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார். பிறகு கோட்டை கிடைத்தது. 1914-இல் அங்கே விடுதி நிலையாக இயங்கியது. அதே ஆண்டு போரும் வந்தது.

ஷிர்மானும் போர்முனைக்குப் போனார். 1915 கிறிஸ்மஸ் அன்று வோஜ் மலையில் ஜேர்மன் சிப்பாய்களும் பிரெஞ்சுச் சிப்பாய்களும் சுடுவதை நிறுத்தி, பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து, கறுப்புப் பாணும் பன்றி இறைச்சியும் கொடுத்துத் திராட்சை மதுவும் கொன்யாக்கும் வாங்கிக்கொண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரு கூரைக்குக் கீழே தூங்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அங்கேயிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம். 1932-க்குள் ஜேர்மனியில் 2,000-க்கும் மேற்பட்ட விடுதிகள் எழும்பிவிட்டன.

பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே தங்கவைக்கும் யோசனை அவருக்கும் முந்தியது. 1876-இல் சூரிச் நகரத்துப் பாதிரியார் வால்டர் பியோன், ஏழைத் தொழிலாளர் வீடுகளிலிருந்து 68 பிள்ளைகளை அப்பென்செல் மலைக்குக் கொண்டுபோய் நல்ல காற்றும் பாலும் கொடுத்தார். இரண்டே ஆண்டில் பிராங்க்பர்ட் மருத்துவர் கேயோர்க் வாரென்ட்ராப் அதைத் தன் நகரத்தில் தொடங்கினார், பிறகு ஊர் ஊராகப் பரவியது. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பிள்ளையைத் தராசில் நிறுத்துவார்கள். எடை ஏறியிருந்தால் காசு தந்தவர்களுக்கு மகிழ்ச்சி. பசியில் கிடந்த பிள்ளைக்கு அது பெரிய தர்மம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தராசு பிற்காலத்தில் என்னென்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த முகாம் 1927-இல் நடந்தது. கீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஸேகாம்ப் என்ற இடம். சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த 'குழந்தைகள் நண்பர்' இயக்கம் ஏறக்குறைய 2,000 தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கூடாரங்களில் தங்கவைத்து, அதற்குக் 'குழந்தைகள் குடியரசு' என்று பெயர் வைத்தது. பெயருக்கு மட்டும் அல்ல. கூடாரத்துக்கு ஒரு பிரதிநிதி, பிரதிநிதிகளுக்கு ஒரு பாராளுமன்றம். சாப்பாடு, வேலைப் பங்கீடு, சண்டை சச்சரவு எல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. பெடியன்களும் பெட்டைகளும் சமமாக இருந்தார்கள். இதன் மூளை பெர்லின் நொய்கோல்ன் பகுதியில் கல்விப் பொறுப்பில் இருந்த குர்ட் லோவென்ஸ்டைன். 1933-இல் நாஜிகள் வந்ததும் நாட்டை விட்டு ஓடவேண்டியவர்களில் அவரும் ஒருவர், 1939-இல் பாரிஸில் இறந்தார். அகதி என்ற சொல்லுக்கு, பின்னாளில் அகதிகளாக வந்த எங்களுக்கு முன்னாலேயே உரிமையானவர்.

ஷிர்மானின் விடுதிகளை ஹிட்லர் இளைஞர் படை எடுத்துக்கொண்டது. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு அடைபட்டது. குண்டுவீச்சு தொடங்கியதும் 1940 இலையுதிர்காலத்திலிருந்து நகரத்துப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். பால்டூர் பொன் ஷிராக் பொறுப்பாக இருந்தார். அனுப்பப்பட்டவர்கள் இருபது இலட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. குண்டிலிருந்து உயிர் தப்பினார்கள் என்பது உண்மை. தாய்தகப்பனிடமிருந்து பிரித்து, காலையில் கொடியேற்றி, அணிவகுத்து, படைக்குப் பிள்ளை வளர்த்தார்கள் என்பதும் உண்மை. பல முகாம்களில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் பொறுப்பாளர் படித்த பிறகே தபாலில் சேர்த்தார்கள்.

குசினியில் நின்றபடி இந்தக் கதைகளைத் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தவள் நான். எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. முகாம் நல்லதா கெட்டதா என்று அறியப் பாட்டையும் கொடியையும் கட்டிலையும் பார்த்துப் பயனில்லை, அவை எல்லா ஆட்சியிலும் ஒன்றுதான். பிள்ளை வீட்டுக்கு எழுதியதை முதலில் படித்தது யார் என்று கேட்டால் போதும்.

போருக்குப் பிறகு நாடு இரண்டானது. கிழக்கே ஆலைகள் தங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தின. ஏரிக்கரையில் சில வாரங்கள், பெற்றோர் கொடுத்தது சின்னத் தொகை. வெர்பெலின் ஏரிக்கரையில் 1952-இல் ஜனாதிபதி வில்ஹெல்ம் பீக்கின் பெயரில் திறந்த முகாம்தான் காட்சிப் பொருள். அங்கே பாடம், கொடி, உறுதிமொழி எல்லாம் இருந்தன. இருந்தும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று அறுபது வயதில் நினைப்பது நெப்டியூன் விழாவைத்தான். தாடி ஒட்டிய கடல்ராசா தண்ணீரிலிருந்து எழும்பி வந்து, தெரிந்தெடுத்த பிள்ளையின் முகத்தில் எதையோ பூசி, வாய்க்குள் புளிப்பும் உறைப்பும் கலந்த ஏதோ கஷாயத்தை ஊற்றி, ஏரிக்குள் தள்ளி, ஒரு புதுப் பெயர் சூட்டுவார். அரசு கற்றுக்கொடுத்தது ஒன்று, பிள்ளைகள் எடுத்துக்கொண்டது வேறொன்று.

மேற்கே நடந்ததைப் பற்றி நீண்ட காலம் யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளி மருத்துவர் 'மெலிவு' என்று எழுதினால் போதும், ஐந்து ஆறு வயதுப் பிள்ளையைக் கழுத்தில் பெயரட்டை கட்டித் தனியே ரயிலில் ஏற்றி, ஆறு வாரத்துக்கு வடகடல் தீவுகளுக்கோ ஆல்கொய் மலைக்கோ கறுப்புக்காட்டுக்கோ அனுப்பினார்கள். போர் முடிந்த காலத்திலிருந்து 1980-கள் வரை இப்படிப் போனவர்கள் 80 இலட்சம் முதல் 1 கோடியே 20 இலட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். பெற்றோர் வந்து பார்ப்பதை இல்லங்கள் விரும்பவில்லை. இரவில் கழிப்பறைக்குப் போகத் தடை. போர்வை நனைந்தால் எல்லார் முன்னாலும் அவமானம். தட்டை முடிக்காத பிள்ளை முடிக்கும்வரை மேசையில் இருக்க வேண்டும், வாந்தி எடுத்தாலும். அந்தப் பழைய தராசு இங்கேயும் இருந்தது. எடை ஏற வேண்டுமே.

என்னோடு குசினியில் நின்றவர்களில் றூர் பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா உண்டு. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாற்சோறு: பாலில் குழைய வேகவைத்த அரிசி, மேலே சீனியும் கறுவாத்தூளும். எனக்கு அது ஊர்ப் பொங்கலின் தூரத்துச் சொந்தம், சட்டியிலேயே வழித்துச் சாப்பிடுவேன். அவர் அடிப்பிடிக்காமல் துழாவுவதில் கெட்டிக்காரி, ஆனால் ஒரு கரண்டி கூட வாயில் வைத்ததில்லை. சீனி போதுமா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். பிறகொரு நாள், பாத்திரம் கழுவும்போது சொன்னார்: ஆறு வயதில் தீவுக்குப் போனாராம். அங்கே 'அத்தைகள்' என்று அழைக்கப்பட்ட பொறுப்பாளர்கள் கரும்பலகையில் எழுதிவிடுவார்களாம்: இங்கே நல்ல வெயில், சாப்பாடு நன்றாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருக்கிறேன். அதைப் பார்த்துத் தபாலட்டையில் எழுதத் தெரிந்தால் போதும். அவருடைய தாய் அந்த அட்டையைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தாராம்.

அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்தது வெகு பிந்தி. எழுத்தாளர் ஆன்யா றோல் முன்னெடுக்க, 2019 நவம்பரில் ஸில்ட் தீவில் முதல் கூட்டம் நடந்தது. அதன் பிறகுதான் இல்லங்களை நடத்திய அமைப்புகளும் காப்புறுதி நிறுவனங்களும் ஆவணப் பெட்டிகளைத் திறந்தன, வரலாற்று ஆய்வாளர்களை அமர்த்தின.

இதையெல்லாம் தெரிந்தும் நான் பிள்ளைகளை அனுப்பு என்கிற கட்சிதான். காரணம் நான் கண்ணால் கண்டது. திங்கட்கிழமை வகுப்பு வந்து இறங்கும். பாதிப் பிள்ளைகளுக்குத் தலையணை உறை போடத் தெரியாது, உறைக்குள் தாங்களே புகுந்து தேடுவார்கள். செவ்வாய் காலையில் ஒரு பையன் குசினி வாசலில் நின்றான். இரவு முழுக்க அம்மாவை நினைத்து அழுத கண். ஆசிரியை களைத்துப்போய்ப் பக்கத்தில் நின்றார். நான் சமாதானம் சொல்லவில்லை, ஒரு துணியைக் கொடுத்து நூறு கரண்டி துடைக்கச் சொன்னேன். துடைத்து முடித்ததும், முள்ளுக்கரண்டியும் தரட்டா என்று கேட்டேன், தலையாட்டினான். வியாழக்கிழமை மேசை முறை அவனுடைய குழுவுக்கு வந்தது. பெரிய உருக்குக் கூஜாவில் அந்தச் சிவப்பு ரோஜாக்காய்த் தேத்தண்ணியை (முப்பது வருடமாகக் காய்ச்சினேன், இன்னும் எனக்கு ருசி பிடிபடவில்லை) இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனவன், சிந்திய மற்றப் பிள்ளைக்கு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் இது நடக்காது. வீட்டில் கூஜாவை அம்மா தூக்கிவிடுவாள்.

எங்கள் ஆட்களுக்கு இது சிரமமாகவே இருந்தது. நாங்கள் 1985-இல், கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து சேர்ந்த கூட்டம். அந்தக் கோடையிலேயே கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எங்களுக்கு அடைத்துவிட்டது. வந்தவர்களுக்கு முதலில் கிடைத்ததும் அடுக்குக் கட்டில்தான், அகதி முகாமில். ஊரில் விடுமுறை என்றால் ஆச்சி வீடு. பெட்டைப்பிள்ளையை அந்நிய வீட்டில் இரவு தங்கவிடுவதா? என் மகளுக்கு நாலாம் வகுப்பில் வகுப்புப் பயணம் வந்தபோது என் வீட்டுக்காரர் கடிதத்தை மூன்று நாள் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். அதற்கு மேல் இன்னொன்று: அகதி விண்ணப்பக்காரர் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும் என்பது 1982-ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்பது வயதுப் பிள்ளை கடல் பார்க்கப் போவதற்கு நான் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். ஒரு தாளுக்காக இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் எல்லைக்கோடு பாராமல் நடக்கவேண்டும் என்று ஒரு வாத்தியார் விடுதி கட்டிய அதே மாவட்டத்தில்.

போனாள். மூன்றாம் நாள் அட்டை வந்தது. கடல்நாய் பார்த்தேன், என் கட்டில் மேலே, சோறு இல்லை, உருளைக்கிழங்குதான், வீட்டுக்கு வர அவசரம் இல்லை என்று தமிழும் ஜேர்மனும் கலந்து, எழுத்துப் பிழைகளோடு. ஒருவரும் திருத்தியிருக்கவில்லை.

இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2011-இலிருந்து வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்புப் பயணச் செலவை அரசே கொடுக்கிறது, இப்போது அகதி உதவியில் இருப்பவர்களுக்கும்தான். ஹம் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் புதிதாக வந்த தாய்மார் என்னைப் பிடித்தால் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் அவர்கள் கேட்பது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று காட்டுவேன். மிக்சர் பைக்கற் கொடுத்துவிடலாம், கருவாட்டுப் பொரியல் வேண்டாம், அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். முத்திரை ஒட்டி, விலாசம் எழுதிய இரண்டு அட்டைகளைப் பையின் உள்பக்கப் பொக்கற்றில் வைக்கச் சொல்வேன். கைத்தொலைபேசியை எப்படியும் ஆசிரியர் வாங்கி வைத்துவிடுவார்.