போடலாமா, போடுகிறோம்: அமெரிக்கக் கிளினிக்குகளில் எச்.பி.வி. தடுப்பூசி

அமெரிக்காவில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. மூன்றையும் ஒரே நாளில் போடலாம். ஆனால் 13 முதல் 17 வயதினரிடம் 2023-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்குமான ஊசியைப் போட்டிருந்தவர்கள் 89.0 சதவீதம், மூளைக்காய்ச்சல் ஊசி 88.4. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியில் முதல் தவணை 76.8 சதவீதமே. எல்லாத் தவணைகளையும் முடித்தவர்கள் 61.4.

இதற்குப் பெற்றோரின் தயக்கமே காரணம் என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மைதான். விலையைக் குறை சொல்வதற்கும் இடம் குறைவு. காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு 1994 முதல் அரசுத் திட்டத்தில் தடுப்பூசி இலவசம். பள்ளிச் சட்டத்துக்குப் பங்கு உண்டு: எச்.பி.வி. ஊசியைப் பள்ளிச் சேர்க்கைக்கு வேண்டியதாக்கியவை ரோட் ஐலண்ட், வர்ஜீனியா, ஹவாய், தலைநகர் வாஷிங்டன் போன்ற சில இடங்கள் மட்டுமே. சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாத மருத்துவர் தம் அறைக்குள் என்ன செய்யலாம் என்பதே இங்கு என் கேள்வி.

2012-இல் முதல் தவணை பெற்ற சிறுமிகள் 53.8 சதவீதம். வேறொரு தடுப்பூசிக்காக வந்த அன்றே இதையும் போட்டிருந்தால் அது 92.6 சதவீதத்தை எட்டியிருக்கும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. எவரும் மறுக்கமாட்டார் என்று கொண்ட கணக்கு அது. ஆகவே அதை உச்சவரம்பாக மட்டுமே கொள்ள வேண்டும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: பிள்ளைகள் கிளினிக்குக்கு வந்தார்கள், இன்னோர் ஊசிக்குக் கையும் நீட்டினார்கள், இது மட்டும் போடப்படாமல் திரும்பினார்கள்.

ஏன்? 2006-இல் உரிமம் பெற்றபோது இது சிறுமிகளுக்கான ஊசி. பாலுறவால் பரவும் வைரஸுக்கு எதிரானது என்ற அடையாளத்தோடு வந்தது. சிறுவர்களுக்கும் வழக்கமாகப் போடும்படி பரிந்துரை வந்தது 2011-இல்தான். முதல் இரண்டு ஊசிகளைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவதற்கு வரும்போது குரலைத் தாழ்த்தி விளக்கத் தொடங்கும் மருத்துவர், தாம் அறியாமலே அதற்குச் சந்தேக முத்திரை குத்திவிடுகிறார்.

இதைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நோயல் புரூவர் குழுவினர் நடத்தி, 2017-இல் வெளியிட்டது. ஒரு பிரிவு மருத்துவர்களுக்கு, ஊசி போடும் நாள் இது என்று சுருக்கமாக அறிவிக்க ஒரு மணி நேரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, பெற்றோரோடு திறந்த மனதுடன் உரையாடப் பயிற்சி. ஆறு மாதத்தில், பயிற்சியே பெறாத கிளினிக்குகளைவிட அறிவித்தவர்களிடம் 11, 12 வயதினரின் முதல் தவணை 5.4 சதவீதப் புள்ளி கூடியது. உரையாடியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு சட்டெனப் புரியும்: ‘போடலாமா?’ என்பதற்கும் ‘இன்றைக்குப் போடுகிறோம்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் அது.

இது பெற்றோரின் சம்மதத்தைப் பறிப்பதாகாதா? வேண்டாம் என்று சொல்லும் வழி அடைபடாதவரை ஆகாது என்பதே என் கருத்து. மற்ற இரு ஊசிகளை அறிவிப்பாகவே சொல்லும் மருத்துவரை யாரும் வற்புறுத்துகிறார் என்பதில்லையே. தயங்குபவரிடம்தான் உரையாடல் வேண்டும். கொலராடோவில் 16 கிளினிக்குகளில் நடந்த இன்னோர் ஆய்வு, தயங்கும் பெற்றோரின் மனமறிந்து பேசும் பயிற்சியையும் விளக்கத் தாள்களையும் சேர்த்துக் கொடுத்தது. அங்கே முதல் தவணை 9.5 புள்ளி உயர்ந்தது. முதல் ஆய்வை இது மறுப்பதாக நான் கருதவில்லை. அறிவிப்பு முதலில், பேச்சு தேவைப்படுவோருக்கு என்று வரிசைப்படுத்தினால் இரண்டும் பொருந்துகின்றன.

ஆனால் சொல்லாட்சி மட்டும் போதாது. வட கரோலினா அறிவிப்பு முதல் தவணையைத்தான் கூட்டியது; தவணைகளை முடிப்பதில் தெளிவான பலன் காணப்படவில்லை. 2023-இல் முதல் தவணைக்கும் முடித்தலுக்கும் இடையே 15.4 புள்ளி இடைவெளி இருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. 15 வயதுக்கு முன் தொடங்குவோருக்கு இரண்டு தவணை போதும் என 2016-இல் விதி இளகியது. இடைவெளி 6 முதல் 12 மாதம். ஆனால் நோயில்லாத 12 வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஒருமுறை உடற்பரிசோதனைக்கு வந்தாலே அதிகம். ஆகவே கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே அடுத்த தேதியைக் குறித்துக் கொடுப்பதும், மருத்துவரைப் பார்க்காமல் நர்ஸே போட்டு அனுப்ப நிரந்தர உத்தரவு வைத்திருப்பதும் சுவரொட்டிகளைவிடப் பயன் தரும் என்று நினைக்கிறேன். 9 வயதிலேயே தொடங்க அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இடம் தருகிறது. அப்போது தவறிய தவணையைப் பிடிக்க ஓரிரு ஆண்டுகள் கையில் இருக்கும். 15-ஆவது பிறந்தநாள் கடந்தபின் முதல் ஊசி போடுபவருக்கோ தேவை மூன்று தவணை.