ஆழம் தரும் வலி, ஈரம் தரும் வலி

பருவமழை ஓய்ந்து கடல் தெளிந்தால் விழிஞ்ஞத்தில் சிப்பி எடுப்பவர்களுக்கு வேலை. கண்ணாடி மாட்டி, வலைப்பையும் உளியுமாக, மூச்சை அடக்கிப் பாறையடிக்கு இறங்குகிறார்கள். குளச்சல், முட்டம் பாறைகளிலும் இதே பழுப்புச் சிப்பிதான், இதே பிழைப்புதான். காதுவலியும் இந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகிறது. காதில் தண்ணீர் ஏறிவிட்டது என்று எல்லா வலிக்கும் ஒரே காரணம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு வலிகள். செவிப்பறைக்கு உள்ளே பிறப்பது ஒன்று, வெளியே பிறப்பது மற்றொன்று.

உள்வலிக்குக் காரணம் ஆழம். பத்து மீட்டர் இறங்கினால் கடல்மட்டத்தில் இருந்த அழுத்தம் இரு மடங்காகிறது, நடுக்காதில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் திறந்து காற்றைக் கொடுக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும். ஆழம் அதிகம் வேண்டியதில்லை, ஓரிரு மீட்டரிலேயே குத்தத் தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதை ‘திறந்து’ இறங்குவது இதற்காகத்தான். சளி பிடித்த நாளில் குழல் திறக்காது, அன்று இறங்கக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் இறங்கினால் பறை கிழியலாம். அப்போது வலி சட்டென்று குறையும், குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்து தலை சுற்றும். நீருக்கடியில் தலைசுற்றுவது காதை விட உயிருக்கு ஆபத்து.

வெளிவலி அவ்வளவு அவசரப்படாது. கரையேறி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, முதலில் அரிப்பாக வரும். புறச்செவிக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை அடைபட்டது. அதைக் காப்பது குறும்பி. எண்ணெய்ப் பசையும் சற்றே அமிலத் தன்மையும் கொண்ட அதை அழுக்கென்று நினைத்துத் தோண்டி எறிகிறோம். நாள் முழுக்க ஊறிய தோல் மென்மையாகும். அரிப்புக்கு ஊக்கோ, தீக்குச்சியோ, பட்ஸோ உள்ளே போகும். கீறல் விழுந்த இடத்தில் சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறும். சில காதுகளில் பூஞ்சையும் வளரும். வலியை விட அரிப்பு மிகுந்து, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் சொட்டு அதைக் கொல்லாது, வளரவே இடம் கொடுக்கும்.

இரண்டையும் பிரித்தறிய விரலே போதும். காதுமடலை இழுத்தாலோ துளைக்கு முன் துருத்தி நிற்கும் குருத்தை அழுத்தினாலோ உயிர் போகிறாற்போல் வலித்தால், பெரும்பாலும் புறச்செவி அழற்சி. இறங்கும்போது தொடங்கி, பின் அடைப்பாகவும் மந்தமாகவும் நின்று, மடலை இழுத்தால் வலிக்காவிட்டால் நடுக்காது.

பிரிக்காமல் மருந்து போட்டால் வினை. புறச்செவிக்கு வேண்டியது மருத்துவர் குழாயைச் சுத்தம் செய்வதும் சொட்டு மருந்தும்தான். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. நீரில் நாட்கணக்கில் வாழும் முக்குளிப்பவர்களுக்கு அமெரிக்கக் கடற்படை அசெட்டிக் அமிலமும் அலுமினியம் அசெட்டேட்டும் கலந்த சொட்டை ஒவ்வொரு காதிலும் ஐந்து நிமிடம் நிறுத்தித் தொற்றைத் தடுத்தது. அமிலம் பிடிக்காத கிருமியை அமிலத்தாலேயே விரட்டும் எளிய வேலை. ஆனால் அதே சொட்டைக் கிழிந்த பறை வழியே விட்டால் எரிச்சல் தாங்காது. ஜென்டமைசின், நியோமைசின் வகைச் சொட்டுகளோ உள்காதின் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். கிழிந்த பறைக்குச் சொட்டு எதுவும் வேண்டாம், உலர்வாக விட்டால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கம் இரண்டுக்குமே உதவாது, பாட்டிகள் மன்னிக்கட்டும்.

இரண்டு வலிக்கும் பொதுவான மருந்து ஒன்றுண்டு: நீரை விட்டு விலகியிருப்பது. புறச்செவிக்கு ஒரு வாரம் பத்து நாள், கிழிந்த பறைக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். சீட்டில் எழுத ஒரு வரி போதும், சிப்பி எடுப்பவருக்கோ அது பருவத்தில் பெரும்பங்கு. பாதியில் கடலுக்குத் திரும்புகிறவரை அறியாமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சர்க்கரை நோயாளிக்கு மட்டும் இந்தக் கணக்கே வேறு. இரவில் தூங்கவிடாத காதுவலி சொட்டுக்கு அடங்காவிட்டால், தொற்று மண்டையோட்டு எலும்புக்குள் இறங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனை.

குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு புறச்செவிக்கு நல்ல காவல். அதை நம்பிக் காதடைப்பானோடு முக்குளிப்பது வேறு கதை. அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவே சிக்கிய காற்றும் சுருங்கும், அடைப்பான் உள்ளே உறிஞ்சப்படும், பறை வெளிப்பக்கம் இழுபடும். அந்த இடுக்கில் சிக்கிய காற்றைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்து ஊதினாலும் வழியில்லை.